அப்பாவின் நெற்றி மறுவும் நிறுத்தாத குளிசையும்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவின் பின்னால் ஒரு வங்கிக் கலண்டர் தொங்கும். போயா, பால் கணக்கு, காஸ் மாற்றிய திகதி எல்லாம் அதில்தான். போன ஓகஸ்டில் ஒருநாள், அதில் அடுத்தடுத்து ஐந்து கட்டங்களுக்குள் சிவப்புப் பேனையால் குறுக்குக் கோடு போட்டிருந்தது. அப்பாவின் கை. ஆறாவது கட்டத்தில் ‘வெட்டு’ என்று எழுதியிருந்தார்.

“இது என்ன அப்பா?”

“ஒப்பரேஷனுக்கு முதல் அஞ்சு நாள் வார்பரின் போடக் கூடாதாம் பிள்ளை. கிளினிக்கிலிருந்து கோல் எடுத்துச் சொன்னவை.”

அப்பாவுக்கு 72 வயது. நில அளவையாளராக 35 வருடம் வெயிலில் நின்றவர், தொப்பி போட்டு நான் பார்த்ததில்லை. இடது புருவம் முடிகிற இடத்துக்கு மேலே ஒரு கறுப்பு மறு இரண்டு வருடமாக இருந்தது. துவாயால் முகம் துடைத்தால் கசியும், பொருக்கு வைக்கும், பொருக்கு விழுந்தால் திரும்பக் கசியும். ‘வயசால் வந்த மறு’ என்று விட்டுவிட்டோம். கடைசியில் தோல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது அவர் சின்னத் துண்டு எடுத்துச் சோதித்துவிட்டு, பேசல் செல் கான்சர், ஒரு வகைத் தோல் புற்றுநோய் என்றார். பயப்பட வேண்டியதில்லை, உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவுவது மிக அரிது, ஆனால் விட்டால் அந்த இடத்தைத் தின்றுகொண்டே போகும், வெட்டிவிடுவோம் என்றார். ஆறாத புண், அடிக்கடி கசிகிற மறு உள்ளவர்கள் தயவுசெய்து இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

இவ்வளவும் சாதாரண விஷயம். சிக்கல் அப்பாவின் இதயத்தில். சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் மைட்ரல் வால்வைக் கெடுத்து, 2009 இல் செயற்கை வால்வு போட்டார்கள். இரவில் காற்றாடியை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் இருந்தால், கைக்கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்கும். அந்த வால்வில் இரத்தம் கட்டிப் போகாமல் இருக்கத்தான் தினமும் பின்னேரம் வார்பரின். பதினைந்து வருடத்துக்கு மேலாக ஒரு நாள் தவறியதில்லை. அதைத்தான் ஒரு தொலைபேசி அழைப்பை நம்பி ஐந்து நாள் விடப் பார்த்தார்.

அந்த அழைப்பில் சொன்னதை அப்பா அப்படியே ஒப்புவித்தார்: “லே திய கரன பெஹெத் தவஸ் பஹக் நவத்தன்ன.” இரத்தத்தை நீராக்கும் மருந்தை ஐந்து நாள் நிறுத்துங்கள். சொன்னவர் டொக்டர் இல்லை, நேரம் குறித்துக் கொடுக்கிறவர். எல்லோருக்கும் சொல்கிற வசனத்தை அப்பாவுக்கும் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அவரை நான் குறை சொல்லவில்லை. அப்பாவுக்கு ஏன் அந்தக் குளிசை என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

சிங்களத்தில் இரத்தத்தை நீராக்கும் மருந்து, நாங்கள் இரத்தத்தை ஐதாக்கும் குளிசை என்கிறோம். இரண்டும் ஆளை ஏமாற்றுகிற பெயர். இரத்தம் நீர்த்துப் போவதில்லை. உறைவதற்கு வேண்டிய சில புரதங்களை ஈரல் விற்றமின் ‘கே’யை வைத்துத்தான் செய்கிறது. வார்பரின் அந்த விற்றமினைத் திரும்பப் பயன்படுத்த விடாமல் தடுக்கிறது. புரதம் குறையும், இரத்தம் உறையக் கூடுதல் நேரம் எடுக்கும். ஏற்கனவே இருக்கிற புரதம் தீர வேண்டும் என்பதால் குளிசை வேலை செய்யவும் நாட்கள் ஆகும், விட்டால் அதன் வேலை போகவும் நாட்கள் ஆகும். அப்பாவின் சிவப்புக் கோடுகளைப் பார்த்தபோது எனக்கு முதலில் விளங்காமல் போனது இதுதான். ஐந்து நாள் நிறுத்தினால் ஐந்து நாளோடு முடிவதில்லை. திரும்பத் தொடங்கிய பிறகும் பழைய அளவுக்கு வர இன்னும் ஐந்து நாளோ அதற்கு மேலோ ஆகும். அவ்வளவு காலமும் வால்வுக்குக் காவல் குறைவு.

மேல்மாடி அங்கிளுக்கு இதெல்லாம் பகிடி. “அது எலி மருந்து பிள்ளை, கொஞ்ச நாள் விட்டால் நல்லதுதானே” என்றார். எலி மருந்து என்பது பொய்யில்லை. வட அமெரிக்காவில் பழுதான இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்த கதையிலிருந்து தொடங்கி, விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தது. 1948 இல் எலி மருந்தாக விற்கத் தொடங்கி, 1954 இல் மனிதர்களுக்கு அனுமதித்தார்கள். அடுத்த வருடமே மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்குக் கொடுத்தார்கள். அங்கிளுக்கு இதைச் சொன்னேன். “அப்ப பெரிய இடத்து எலி மருந்து” என்றார்.

சரி. இதயக் கிளினிக் நாள் வர இன்னும் மூன்று கிழமை இருந்தது. காத்திருக்காமல் அடுத்த நாள் காலையே அப்பாவின் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் போனேன். காலி வீதியின் காலை நெரிசல் உங்களுக்குத் தெரியும். போய்ச் சேர ஒன்பதரை. கொப்பியைப் பார்த்த மிஸ் முதலில் ஏசினார், அப்புறம் டொக்டரிடம் விட்டார். டொக்டர் தலை நிமிராமலே சொன்னார்: “நெற்றியில் இரத்தம் வந்தால் விரலால் அமத்தலாம். வால்வில் கட்டி வந்தால் எதால் அமத்துவீர்கள்?”

இந்தக் கதை முழுவதையும் நான் எழுதுவது அந்த ஒரு வசனத்துக்காகத்தான். தோலில் செய்கிற சின்ன வெட்டுகளில் இரத்தம் கண் முன்னால்தான் வரும். அமத்தலாம், சுடலாம், தைக்கலாம். வயிற்றுக்குள்ளோ மூளைக்குள்ளோ செய்கிற ஒப்பரேஷன் வேறு. அங்கே வார்பரினை நிறுத்தி, சிலருக்கு இடையில் இரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பரின் ஊசி போடுவார்கள். தோலுக்கு அது பொதுவாகத் தேவையில்லை. இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டுகிற ஐ.என்.ஆர். எண் 3.5க்கு மேல் போகாமல் இருந்தால் குளிசையைப் போட்டபடியே வெட்டலாம் என்பதுதான் வழக்கமான நடைமுறை. சாதாரண ஆளுக்கு அந்த எண் 1க்குப் பக்கத்தில் இருக்கும். அப்பா மாதிரி மைட்ரல் இடத்தில் இயந்திர வால்வு உள்ளவர்களுக்கு 2.5க்கும் 3.5க்கும் இடையில் வைத்திருப்பார்கள். டொக்டர் கொப்பியில், குளிசையை நிறுத்தக் கூடாது, வெட்டுக்கு முதல் நாள் சோதித்து எண்ணைப் பார்க்கவும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தோல் கிளினிக்குக்கு அனுப்பினேன். தோல் டொக்டரே திரும்பக் கூப்பிட்டு, “நானும் நிறுத்தச் சொல்லவில்லையே” என்றார். இரண்டு டொக்டர்மாரும் ஒரே கருத்தில்தான் இருந்திருக்கிறார்கள். இடையில் யாரும் கேட்கவில்லை.

கலண்டரில் சிவப்புக் கோடுகளுக்கு மேல் நான் நீலப் பேனையால் ‘குளிசை உண்டு’ என்று எழுதினேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தால், வெட்டுக்கு எட்டு நாள் முதல் எடுத்த ஐ.என்.ஆர். 3.8. அதற்கு முந்தின மாதம் 2.9. குளிசை அதேதான், அளவும் அதேதான். இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். காரணம் காலைக் கஞ்சி. அப்பா தினமும் நடக்கப் போய் வரும் வழியில் ஒரு கோப்பை கொலகெந்த குடித்துவிட்டு வருவார், பொன்னாங்காணியோ வல்லாரையோ அரைத்து விட்ட இலைக்கஞ்சி. அங்கிள்தான், வார்பரின் போடுகிறவன் கீரை தொடக் கூடாது, ஒப்பரேஷன் வேறு வருகிறது, நிறுத்து என்றிருக்கிறார். அப்பா கஞ்சியையும் விட்டு, வீட்டில் முருங்கைக்கீரை வறை வைத்தாலும் ஓரமாகத் தள்ளியிருக்கிறார். கீரையில் விற்றமின் ‘கே’ நிறைய. அப்பாவின் குளிசை அளவு அந்தக் கஞ்சியையும் சேர்த்துக் கணக்கிட்ட அளவு. கஞ்சியை எடுத்தால் அதே குளிசை கூடுதலாக வேலை செய்யும். கீரை சாப்பிடலாமா கூடாதா என்பதல்ல கேள்வி, இந்தக் கிழமை எவ்வளவோ அடுத்த கிழமையும் அவ்வளவு. டொக்டர் குளிசையைச் சற்றுக் குறைத்து, கஞ்சியைத் திரும்பத் தொடங்கச் சொல்லி, வெட்டுக்கு முதல் நாள் திரும்ப எடுத்தபோது 3.0.

இன்னொன்றும் அப்போதுதான் வெளிவந்தது. ‘வேறு மருந்து எதுவும் எடுக்கிறீர்களா’ என்று கேட்டால் அப்பா இல்லை என்பார். கனடாவிலிருந்து சித்தி அனுப்புகிற மீன் எண்ணெய்க் குளிசையும் உள்ளிக் குளிசையும் மேசையில் இருக்கும், அது அவர் கணக்கில் மருந்து இல்லை. இவையும் இரத்தம் நிற்பதைக் கொஞ்சம் தாமதப்படுத்தக் கூடும். டொக்டர் எழுதித் தராத இவற்றைத்தான் நிறுத்தச் சொன்னார்கள். மேசையில் இருக்கிற போத்தல் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போய்க் காட்டுங்கள், வாயால் சொன்னால் எதுவாவது விடுபடும். வார்பரினையும் நிறத்தை வைத்துச் சொல்லாதீர்கள். 2022 தட்டுப்பாட்டு நேரம் எங்களுக்கு ஒரு மாதம் ஒரு கம்பனி, அடுத்த மாதம் வேறு கம்பனி. 1 மில்லிகிராம் ஒரு நிறம், 3 மில்லிகிராம் இன்னொரு நிறம், பிறகு எல்லாம் மாறும். மில்லிகிராமைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும்.

வெட்டுக்குச் செவ்வாய்க்கிழமை காலை நேரம் கேட்டு வாங்கினேன். முதலில் தந்தது வெள்ளி பின்னேரம், அடுத்த நாள் போயா. இரத்தம் கசிந்தால் முதல் சில மணித்தியாலங்களில்தான் அதிகம் கசியும். வெள்ளி இரவு கிளினிக்கில் யாரைப் பிடிப்பது?

என்னைப் பக்கத்தில் இருக்க விட்டார்கள். விறைப்பு ஊசி போட்டுவிட்டுத் தோல் டொக்டர் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா இருந்தார். அதில் அட்ரினலின் கலந்திருக்கிறது, நாளங்கள் சுருங்க நேரம் கொடுத்தால் இரத்தம் குறையும் என்றார். அந்த இடம் மெல்ல வெளிறி வருவது தெரிந்தது. மறு 7 மில்லிமீற்றர்தான். ஆனால் சுற்றிவர 4 மில்லிமீற்றர் நல்ல தோலையும் சேர்த்து, தைத்தால் மடிப்பு வராமல் கண் வடிவில் வெட்ட வேண்டும் என்று பேனையால் கீறினார். நாலரை சென்ரிமீற்றர் நீளம். ‘சின்ன மறு’ என்று நினைத்துப் போகிறவர்கள் இந்தக் கணக்கை முதலே கேட்டு வைப்பது நல்லது. வெட்டியதும் இரத்தம் கசிந்த இடங்களை மின்சூட்டுக் கருவியால் ஒவ்வொன்றாகச் சுட்டார். மயிர் கருகிய மணம். அப்பா கண்ணை மூடியபடி, “பிள்ளை, ஏதும் பொரிக்கினமோ?” என்றார். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தக் கருவிக்காகவே அதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அது இல்லை. இரண்டு அடுக்குத் தையல், மேலே பஞ்சும் கோசும் வைத்து இறுக்கிக் கட்டினார்கள்.

வெளியே வரும்போது சின்னக் கடதாசி உறைகளில் குளிசை தந்தார்கள். ஒன்றில் பரசிட்டமோல், மற்றதில் டைக்லோபினாக். வழக்கமாக எல்லோருக்கும் போட்டுக் கொடுக்கிற கட்டு அது. ஓட்டோவுக்குள் வைத்துத்தான் வாசித்தேன், உடனே திரும்பிப் போய் மாற்றினேன். டைக்லோபினாக், இபுபுரோபன் மாதிரியான வலிக் குளிசைகள் வார்பரினோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும் ஆபத்துக் கூடும். பரசிட்டமோல் போதும். அதுவும் நாட்கணக்கில் முழு அளவாகப் போட்டால் ஐ.என்.ஆர். ஏறும், ஒன்றிரண்டு நாளோடு விட்டுவிட வேண்டும். அன்று பின்னேரம் ஆறு மணிக்கு வார்பரினை வழக்கம் போலப் போட்டார்.

இரவு ஒன்பதரை மணிக்குக் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடிக் குனிந்திருக்கிறார். குனியாதீர்கள், பாரம் தூக்காதீர்கள், தலையை உயர்த்திப் படுங்கள் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது கட்டின் கீழ் ஓரத்தில் சிவப்பு பரவிக்கொண்டு வந்தது. புருவத்தின் வழியே ஒரு கோடு இறங்கி அவருடைய பெனியனில் விழுந்தது.

சுத்தமான கோசை மடித்து வைத்து அமத்தினேன். எனக்குப் பதற்றம். மூன்று நிமிடத்தில் எடுத்துப் பார்த்தேன், திரும்ப வழிந்தது. அதுதான் செய்யக் கூடாதது என்று தெரிந்தும் செய்தேன். கொஞ்சம் உறையத் தொடங்கியதைக் கோசோடு பிய்த்து எடுத்துவிடுகிறோம். பிறகு அப்பாவைக் கதிரையில் நிமிர்ந்து இருக்க வைத்து, சுவர் மணிக்கூட்டுக்கு நேரே நின்று, இருபது நிமிடம் கை எடுக்காமல் அமத்தினேன். ஒன்பது நாற்பதிலிருந்து பத்து மணி வரை. மென்மையாகத் தொட்டுக்கொண்டிருப்பது அமத்துவதில்லை. கை நோகிற அளவுக்கு அமத்த வேண்டும். காற்றாடி நிறுத்தியிருந்தது. அவ்வளவு நேரமும் வால்வின் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பத்து மணிக்கு மெல்ல எடுத்தேன். நின்றிருந்தது.

அதற்கு மேல் இன்னொரு கோசை வைத்து ஒட்டினேன். அதில் ஒரு ரூபாய்க் குத்தி அளவு கறை தெரிந்ததும், அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனையால் வட்டம் போட்டேன். கிளினிக் மிஸ் சொல்லித் தந்த வேலை. கறை வட்டத்தைத் தாண்டினால்தான் புதிதாகக் கசிகிறது என்று அர்த்தம். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தேன், இரண்டு மணிக்குப் பார்த்தேன், தாண்டவில்லை. இருபது நிமிடம் அமத்தியும் நிற்காமல் இன்னொரு இருபது நிமிடமும் போனால், அல்லது தையலுக்குக் கீழே முட்டை மாதிரி இறுகி வீங்கி வந்தால், 1990 ஐ அழுத்தி சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுவது என்று முடிவெடுத்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

அடுத்த நாள் காலை அப்பாவின் இடது கண் மூடி, கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. வெட்டியது நெற்றியில், கண் ஏன் என்று நான் பயந்துவிட்டேன். நெற்றியில் கசிந்த இரத்தம் தோலுக்கு அடியால் கீழே இறங்கிக் கண் இமையில் தேங்கும், ஒன்றிரண்டு கிழமையில் மஞ்சளாகிப் போகும் என்று தோல் டொக்டர் போனில் சொன்னார். முதலே சொல்லியிருக்கலாம். கீழே கடைக்கு இறங்கிய அப்பாவிடம், பஸ்ஸில் விழுந்தீர்களா என்று கேட்காத ஆள் இல்லை.

ஆறாம் நாள் தையல் வெட்டினார்கள். ஓரம் சற்றுச் சிவந்திருந்ததால் அன்ரிபயோட்டிக் எழுதும்போது நான் வார்பரினை இன்னொரு தடவை ஞாபகப்படுத்தினேன். சில அன்ரிபயோட்டிக்குகள், கோ-ட்ரைமொக்சசோல், மெட்ரோனிடசோல் மாதிரியானவை, ஐ.என்.ஆரைத் தூக்கிவிடும். வேறொன்று தந்து, நாலாம் நாள் சோதிக்கச் சொன்னார்கள். 3.2. வெட்டிய துண்டின் ரிப்போர்ட்டும் வந்தது, ஓரங்களில் கான்சர் எதுவும் மிச்சமில்லை.

இதை வாசித்துவிட்டு எல்லோரும் ஒன்றையும் நிறுத்தாதீர்கள் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கிளின் கதை வேறு. அவருக்கு நாலு மாதத்துக்கு முதல் இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் போட்டது, அதில் இரத்தம் கட்டாமல் இருக்க அஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் எடுக்கிறார். முதுகில் ஒரு கொழுப்புக் கட்டி. அதை வெட்ட நினைத்துத் தானாகவே இரண்டு நாள் க்ளோபிடோக்ரெலை விட்டிருக்கிறார். ஸ்டென்ட் புதிதாக இருக்கும்போது அதை விட்டால் ஸ்டென்ட்டே அடைத்துப் போகலாம். அவருடைய டொக்டர் ஏசிவிட்டு, கட்டி அவசரமில்லை, அடுத்த வருடம் பார்ப்போம் என்று ஒப்பரேஷனையே தள்ளிவிட்டார். அப்பாவின் மறுவைத் தள்ள முடியாது, கொழுப்புக் கட்டியைத் தள்ளலாம். இந்த வித்தியாசம் எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. இரத்தம் உறையாமல் இருக்க வார்பரினுக்குப் பதிலாக அபிக்சபான், ரிவரொக்சபான் மாதிரிப் புதுக் குளிசை எடுக்கிறவர்களுக்குக் கணக்கு இன்னொரு மாதிரி. அவை மணித்தியாலக் கணக்கில் வேலை செய்கிறவை, ஐ.என்.ஆர். பார்ப்பதில்லை. போட்டு இரண்டிலிருந்து நாலு மணித்தியாலத்தில் உச்சத்தில் இருக்கும் என்பதால் அந்த நேரத்தில் வெட்டாமல் பார்ப்பார்கள், சிலருக்குக் காலைக் குளிசையைப் பிந்திப் போடச் சொல்வார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் அதை முடிவெடுப்பார்கள். அப்பா மாதிரி இயந்திர வால்வு உள்ளவர்களுக்கு அந்தக் குளிசைகள் பொருந்தாது.

இப்போது அப்பாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. போன கிழமை பல் கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தபோது நான் சமையலறையில் இருந்தேன். அப்பா சிங்களத்தில் கதைப்பது கேட்டது. மருந்து பற்றி ஏதோ கேட்டிருக்கிறார்கள். “பொட்டக் இன்ன” என்று அவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து கொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.